அமிலப் புட்டிக்குப் பொறுப்பாளர் யார்? பள்ளி ஆய்வகப் பாதுகாப்பை மதிப்பிடுவது எப்படி

முலுண்ட் (மும்பை): மகாராஷ்டிரத்தில் பள்ளிக் கட்டடத்தின் சுவரில் மாட்டப்பட்டுள்ள தீயணைப்புக் கருவி இயங்கும் நிலையில் உள்ளதா என்பதற்கு ஆண்டுக்கு இருமுறை, ஜனவரியிலும் ஜூலையிலும், உரிமம் பெற்ற நிறுவனத்தின் சான்று அளிக்கப்பட வேண்டும். அதே கட்டடத்தின் வேதியியல் ஆய்வக அலமாரியில் இருக்கும் அடர் கந்தக அமிலப் புட்டி அந்தச் சான்றின் வரம்புக்குள் வருவதில்லை.

அந்தப் புட்டிக்கும் விதி உண்டு. உச்ச நீதிமன்றம் 2013-ஆம் ஆண்டிலேயே அதை வகுத்துத் தந்துள்ளது. ஆனால், அது தீயணைப்புக் கருவியைப் போலச் சுவரில் மாட்டி வைக்கக்கூடிய பொருளன்று. ஒரு பதிவேடு, ஒரு பொறுப்பாளர், ஒரு சோதனை நடைமுறை ஆகிய மூன்றே அந்த விதியின் உள்ளடக்கம். ஒரு பள்ளியின் ஆய்வகம் பாதுகாப்பாக நிர்வகிக்கப்படுகிறதா என்பதை அறிய விரும்புவோர் முதலில் கேட்க வேண்டியவை இந்த மூன்றையும் பற்றிய கேள்விகளே.

மும்பையின் வடகிழக்கு எல்லையில், தானே நகரை ஒட்டி அமைந்துள்ள முலுண்ட், மாநகராட்சியின் 'டி' வார்டில் அடங்கியது. மாட்டுங்கா, செம்பூர், தாராவியைப் போல இங்கும் தமிழ்க் குடும்பங்கள் வசிக்கின்றன. மகாராஷ்டிரத்தில் 11, 12-ஆம் வகுப்புகள் 'ஜூனியர் கல்லூரி' எனப்படுகின்றன. பத்தாம் வகுப்பு முடித்து அறிவியல் பிரிவில் சேரும் மாணவர்களில் பலர், அடர் அமிலத்தைத் தம் கையால் எடுத்துச் சோதனைக் குழாயில் ஊற்றுவது அங்குதான் முதல் முறை. பிள்ளைகளை அந்த அறைக்குள் அனுப்பும் பெற்றோர், அங்கே என்னென்ன ஏற்பாடுகள் இருக்க வேண்டும் என்பதை அறிந்திருப்பது அவசியம்.

சட்டமும் தீர்ப்புகளும்

பள்ளிப் பாதுகாப்பைப் பற்றிய இந்தியச் சட்டச் சிந்தனையில் திருப்புமுனையாக அமைந்தது தமிழ்நாட்டின் கும்பகோணம். 2004-ஆம் ஆண்டு ஜூலை 16 அன்று அங்குள்ள பள்ளி ஒன்றில் ஏற்பட்ட தீ விபத்தில் 94 குழந்தைகள் உயிரிழந்தனர். சமையலறையில் பற்றிய தீ கூரைக்குப் பரவியதே அந்தத் துயரத்துக்குக் காரணம். அதனைத் தொடர்ந்து தொடுக்கப்பட்ட அவினாஷ் மெஹ்ரோத்ரா வழக்கில் 2009 ஏப்ரல் 13 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், கல்வி பெறும் உரிமை என்பது பாதுகாப்பான பள்ளியில் கல்வி பெறும் உரிமையையும் உள்ளடக்கியது என்று அறிவித்தது.

அந்தத் தீர்ப்பில் கூரை, மாடிப்படி, தீயணைப்புக் கருவி, ஆசிரியர் பயிற்சி ஆகியவற்றோடு, ஆய்வகத்துக்கு நேரடியாகப் பொருந்தும் நிபந்தனை ஒன்றும் இடம்பெற்றது. எளிதில் தீப்பற்றும் பொருள்களும் நச்சுப் பொருள்களும் பள்ளிக் கட்டடத்தில் இருக்கக் கூடாது. தேவைப்பட்டால் அவற்றைக் கட்டடத்திலிருந்து விலக்கித் தனியே வைக்க வேண்டும் என்பதே அது. இட நெருக்கடி மிகுந்த மும்பையில் இதை நிறைவேற்றுவது எளிதன்று. அதனால்தான் எவ்வளவு ரசாயனம் இருப்பில் வைக்கப்படுகிறது என்ற கேள்வி முக்கியத்துவம் பெறுகிறது. தனி இடம் இல்லாத பள்ளி, குறைந்த அளவில் வாங்கி, குறைந்த அளவில் வைத்திருப்பதே அந்தத் தீர்ப்பின் நோக்கத்துக்கு அருகில் செல்லும் வழியாகும்.

மாநில அளவில், 2006-ஆம் ஆண்டின் மகாராஷ்டிரத் தீத்தடுப்பு மற்றும் உயிர்ப் பாதுகாப்பு நடவடிக்கைகள் சட்டம் நடைமுறையில் உள்ளது. 'பி படிவம்' எனப்படும் அரையாண்டுச் சான்று இச்சட்டத்தின் கீழ் வருவதே. அது கட்டடத்தின் தீத்தடுப்பு ஏற்பாடுகளைப் பற்றியது. அலமாரியில் எந்தப் புட்டிக்கு அருகில் எந்தப் புட்டி இருக்கிறது என்பதைப் பற்றியதன்று.

2013-இன் மூன்று நிபந்தனைகள்

அமிலத் தாக்குதல்கள் நாட்டை உலுக்கிய காலம் அது. காரைக்காலைச் சேர்ந்த இளம் பொறியாளர் ஒருவர் 2012 நவம்பரில் தாக்கப்பட்டு, 2013 பிப்ரவரியில் உயிரிழந்தார். இராணுவ மருத்துவமனையில் செவிலியராகப் பணியேற்க டெல்லியிலிருந்து மும்பை வந்த இளம்பெண் ஒருவர் 2013 மே மாதம் பாந்த்ரா டெர்மினஸ் ரயில் நிலையத்தில் தாக்கப்பட்டு, அடுத்த மாதம் உயிரிழந்தார்.

இந்தச் சூழலில், லக்ஷ்மி எதிர் இந்திய ஒன்றியம் வழக்கில் 2013 ஜூலை 18 அன்று உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவு, கடைகளில் அமில விற்பனையைக் கட்டுப்படுத்தியதற்காகவே பரவலாக நினைவுகூரப்படுகிறது. ஆனால் அதே உத்தரவு கல்வி நிறுவனங்களுக்கும் ஆய்வகங்களுக்கும் மூன்று கடமைகளை விதித்தது. முதலாவதாக, அமிலப் பயன்பாட்டுக்குப் பதிவேடு பராமரித்து, அதனை உட்கோட்ட நடுவரிடம் தாக்கல் செய்ய வேண்டும். இரண்டாவதாக, அமிலத்தை வைத்திருப்பதற்கும் பாதுகாப்பதற்கும் ஒருவரைப் பொறுப்பாளராக நியமிக்க வேண்டும். மூன்றாவதாக, அவரது மேற்பார்வையிலேயே அமிலம் சேமிக்கப்பட வேண்டும். ஆய்வகத்தை விட்டு வெளியேறும் மாணவர்களும் பணியாளர்களும் கட்டாயம் சோதிக்கப்பட வேண்டும்.

அமிலம் தவறான கைகளுக்குச் செல்லாமல் தடுப்பதே இந்த உத்தரவின் நோக்கம். எனினும், இருப்பு எவ்வளவு, எடுத்தவர் யார், கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர் யார் என்ற மூன்றும் தெளிவாக உள்ள ஆய்வகத்தில் விபத்துக்கான வாய்ப்பும் குறைகிறது. பாதுகாப்பு மேலாண்மை என்ற சொல்லின் பொருளும் இதுவே.

ஆபத்து எந்த இடத்தில் உள்ளது

மேல்நிலை வகுப்பின் செய்முறைப் பாடத்தில் வழக்கமாக இடம்பெறும் சோதனைகள் பல தலைமுறைகளாகச் செய்யப்பட்டு வருபவை. முறையாகச் செய்தால் அவை ஆபத்தற்றவை. எந்தப் படியில் தவறு நேரக்கூடும் என்பதை முன்கூட்டியே அறிந்திருப்பதுதான் மதிப்பீட்டின் தொடக்கம்.

அடர் கந்தக அமிலத்தை நீர்க்கச் செய்யும்போது அமிலத்தையே சிறிது சிறிதாகத் தண்ணீரில் சேர்க்க வேண்டும். அமிலத்தில் தண்ணீரை ஊற்றினால், வெளிப்படும் வெப்பத்தில் மேற்பரப்பு நீர் கொதித்து அமிலத்தைத் தெறிக்கச் செய்யும். இந்த அமிலம் தண்ணீரைவிட ஏறத்தாழ 1.84 மடங்கு அடர்த்தியானது. 2.5 லிட்டர் புட்டியில் உள்ள அமிலத்தின் எடை மட்டுமே சுமார் 4.6 கிலோ. அத்தகைய புட்டியைத் தலைக்கு மேலுள்ள தட்டில் வைத்திருக்கும் ஆய்வகம், மற்றவை எல்லாம் சரியாக இருந்தாலும், முதல் கேள்வியிலேயே தோல்வியுறுகிறது.

உப்புப் பகுப்பாய்வில் பயன்படும் ஹைட்ரஜன் சல்ஃபைடு அழுகிய முட்டை நாற்றம் கொண்டது. நாற்றம் வரும்வரை எச்சரிக்கை கிடைக்கிறது எனப் பலர் நம்புகின்றனர். உண்மையில் காற்றில் இதன் செறிவு பத்து லட்சத்தில் 100 பங்கு என்ற அளவை நெருங்கும்போது முகரும் திறனே மழுங்கிவிடுகிறது. நாற்றம் நின்றுவிட்டதால் வாயு அகன்றுவிட்டது எனக் கொள்ள முடியாது. 'ஃபியூம் ஹூட்' எனப்படும், வாயுவை உறிஞ்சி வெளியேற்றும் கூண்டு இயங்குகிறதா என்பது இங்கே முக்கியம். அதைப் பழைய புட்டிகளை அடுக்கும் இடமாக மாற்றிவிட்டால் கருவி இருந்தும் பயனில்லை.

கரிமச் சேர்மங்களில் உள்ள தனிமங்களைக் கண்டறியச் சோடியம் உருக்குச் சாறு தயாரிக்கப்படுகிறது. சிவக்கச் சூடேறிய சிறு குழாயைத் தண்ணீரில் அமிழ்த்தும்போது, வினைபுரியாமல் எஞ்சிய சோடியம் இருந்தால் வெடித்துச் சிதறும். கண்ணாடித் துகளும் காரக் கரைசலும் ஒரே நேரத்தில் முகத்தை நோக்கி வரும். பாதுகாப்புக் கண்ணாடி அணிவது இங்கே கட்டாயம். சோடியத்தில் பற்றும் தீயைத் தண்ணீரால் அணைக்க முயலக் கூடாது. உலர்ந்த மணல் வேண்டும்.

அலமாரியை ஆங்கில அகர வரிசையில் அடுக்குவது மற்றொரு பழக்கம். தேடுவதற்கு வசதியான அந்த முறையில், வலிமையான ஆக்சிஜனேற்றியான பொட்டாசியம் பெர்மாங்கனேட், எரியக்கூடிய கரிமப் பொருளான ஃபீனாலுக்கு அருகில் வந்து சேரும். எழுத்தின் அடிப்படையில் அன்றி, வினையின் அடிப்படையில் பிரித்து வைப்பதே சரியான முறை. நைட்ரிக் அமிலத்தை ஆல்கஹால், அசிட்டிக் அமிலம் ஆகியவற்றிலிருந்து விலக்கி வைப்பதும் இதில் அடங்கும்.

எச்சரிக்கை வந்தும் எட்டாத இடம்

விதிகளும் எச்சரிக்கைகளும் இருப்பது மட்டுமே போதாது என்பதற்கு அமெரிக்காவில் நடந்த நிகழ்வு சான்றாகிறது. பல்வேறு உப்புகள் சுடரில் வெவ்வேறு நிறம் தருவதைக் காட்ட, மெத்தனாலை எரித்துச் செய்யப்படும் 'வானவில்' செய்முறை அங்குள்ள பள்ளிகளில் பரவலாக இருந்தது. அதன் ஆபத்தை விளக்கி, அந்நாட்டின் ரசாயனப் பாதுகாப்பு வாரியம் 2013 டிசம்பரில் காணொளி ஒன்றை வெளியிட்டது. சில வாரங்களிலேயே, 2014 ஜனவரி 2 அன்று, நியூயார்க் நகர உயர்நிலைப் பள்ளி ஒன்றில் அதே செய்முறையின்போது தீப்பிழம்பு பாய்ந்து மாணவர் ஒருவர் கடுமையான தீக்காயம் அடைந்தார்.

அதே ஆண்டில் மெத்தனாலால் மேலும் சில விபத்துகள் நிகழ்ந்த பின், வாரியம் வெளியிட்ட பாடங்கள் எளிமையானவை. சிறிதளவு போதுமான இடத்தில் பெரிய புட்டியைக் கொண்டுவரக் கூடாது. செய்முறைக்கு முன் ஆபத்துகளை எழுத்து வடிவில் ஆராய வேண்டும். பார்வையாளர்களுக்கும் செய்முறைக்கும் இடையே தடுப்பு இருக்க வேண்டும். செய்பவருக்குப் பயிற்சி வேண்டும். நிறமாலையைக் காட்ட உப்பில் நனைத்த கம்பியைச் சுடரில் பிடித்தாலே போதும் என்னும்போது, மெத்தனால் புட்டி மேசைக்கு வர வேண்டிய தேவையே இல்லை.

மதிப்பீடு: ஏட்டில், அலமாரியில், கையில்

ஆய்வகப் பாதுகாப்பை மதிப்பிட உலகெங்கும் பின்பற்றப்படும் முறைகளின் சாரம் நான்கு படிகள்: ஆபத்தை இனங்காணுதல், அதன் அளவை மதிப்பிடுதல், அதைக் குறைத்தல், அவசர நிலைக்கு ஆயத்தமாதல். பிரிட்டனில் உடல்நலத்துக்குத் தீங்கான பொருள்கள் கட்டுப்பாட்டு விதிகள், 2002, பணியைத் தொடங்கும் முன் இத்தகைய மதிப்பீட்டை வேலையளிப்போரின் கடமையாக்கியுள்ளன. அங்குள்ள பள்ளிகளுக்கு உதவ, ஒவ்வொரு ரசாயனத்துக்கும் ஆபத்து அட்டைகளைத் தயாரித்து வழங்கும் கிளீப்ஸ் என்ற அமைப்பு 1963 முதல் இயங்கி வருகிறது. இந்தியத் தர நிர்ணய அமைப்பும் வேதியியல் ஆய்வகங்களுக்கான பாதுகாப்பு நெறியை ஐ.எஸ். 4209 என்ற எண்ணில் வெளியிட்டுள்ளது.

இந்த நான்கு படிகளையும் ஒரு பள்ளி ஆய்வகத்தில் மூன்று இடங்களில் சரிபார்க்கலாம். ஏட்டில் என்ன எழுதப்பட்டுள்ளது, அலமாரியில் உண்மையில் என்ன உள்ளது, நெருக்கடி வந்தால் அங்கிருப்போரின் கை என்ன செய்யும் என்பவையே அவை. பதிவேட்டில் உள்ள அளவும் புட்டியில் உள்ள அளவும் பொருந்தாவிட்டால் ஏடு பயனற்றது. தீயணைப்புக் கருவியில் தேதி சரியாக இருந்தும், அதன் ஊசியை எப்படி இழுப்பது என்று ஆசிரியருக்குத் தெரியாவிட்டால் கருவி பயனற்றது. ஆம், இல்லை என்று குறியிடும் பட்டியல்கள் பெரும்பாலும் முதல் இடத்தோடு நின்றுவிடுகின்றன. செய்து காட்டச் சொல்லும் மதிப்பீடே மூன்றாவது இடத்தை எட்டுகிறது.

தண்ணீர் என்ற முதலுதவி

அமிலம் கண்ணிலோ தோலிலோ பட்டால் முதல் மருந்து ஓடும் தண்ணீரே. காரத்தைக் கொண்டு அமிலத்தைச் சமன்செய்ய முயல்வது புண்ணை மோசமாக்கும். கண்கழுவி அமைப்புகளுக்கான அமெரிக்கத் தரம், ஆபத்துள்ள இடத்திலிருந்து 10 வினாடிகளில் அதை அடைய முடிய வேண்டும் என்றும், நிமிடத்துக்குக் குறைந்தது 1.5 லிட்டர் வீதம் 15 நிமிடங்கள் தொடர்ந்து நீர் வர வேண்டும் என்றும் கூறுகிறது. ஒருவருக்குக் குறைந்தது 22.5 லிட்டர் நீர் வேண்டும் என்பது இதன் பொருள்.

மும்பையின் பல பகுதிகளில் குழாய் நீர் நாளின் சில மணி நேரம் மட்டுமே கிடைக்கிறது. 24 மணி நேர விநியோகத்தைச் சோதனை முறையில் செயல்படுத்த மாநகராட்சி தேர்ந்தெடுத்த இரண்டு பகுதிகளில் முலுண்ட் ஒன்று. பாந்த்ரா மேற்கு மற்றொன்று. எனினும் ஆய்வகக் குழாயில் நீர் வருவது மாடித் தொட்டியின் நிலையைப் பொறுத்தது. செய்முறை வகுப்பு பிற்பகலில் நடக்குமானால், பிற்பகலில் குழாயைத் திறந்து 15 நிமிடங்கள் ஓடவிட்டுப் பார்ப்பதே உண்மையான சோதனை. செலவே இல்லாத இந்தச் சோதனையைப் பருவத்துக்கு ஒருமுறை செய்யலாம்.

தண்ணீருக்கு அடுத்தது மருத்துவமனை. முலுண்ட்டிலிருந்து ஐரோலி பாலத்தைக் கடந்தால் நவி மும்பையின் ஐரோலியில் தேசியத் தீக்காய மையம் உள்ளது. இத்தகைய மையத்தின் முகவரியும் தொலைபேசி எண்ணும் ஆய்வகக் கதவில் ஒட்டப்பட்டிருப்பதும், யார் அழைப்பது, யார் உடன் செல்வது என்பது முன்பே முடிவாகியிருப்பதும் ஆயத்தநிலையின் அடையாளங்கள்.

உதவியாளரும் மொழியும்

ஆய்வகத்தில் ரசாயனங்களோடு அதிக நேரம் செலவிடுபவர் ஆசிரியரோ மாணவரோ அல்லர், ஆய்வக உதவியாளரே. வகுப்பு தொடங்கும் முன் அடர் அமிலத்தை நீர்க்கச் செய்வதும், புட்டிகளை நிரப்புவதும், உடைந்த கண்ணாடியை அகற்றுவதும் அவர் பணி. அந்நேரத்தில் பெரும்பாலும் அவர் தனியாக இருப்பார். பயிற்சிப் பட்டியலில் அவர் பெயர் உள்ளதா, அவருக்குக் கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் தரப்பட்டுள்ளனவா என்பது, பள்ளி பாதுகாப்பை எவ்வளவு பொருட்படுத்துகிறது என்பதைக் காட்டிவிடும்.

மொழியும் இதோடு சேர்ந்தது. மும்பை மாநகராட்சி மராத்தி, இந்தி, உருது, குஜராத்தி, தமிழ், தெலுங்கு, கன்னடம், ஆங்கிலம் என எட்டு மொழிகளில் பள்ளிகளை நடத்தி வருகிறது. தாராவியின் தமிழ்வழிப் பள்ளியில் படித்த மாணவி, ஜூனியர் கல்லூரிக்கு வந்ததும் எதிர்கொள்வது ஆங்கிலத்தில் எழுதப்பட்ட புட்டிகளையும் எச்சரிக்கைப் பலகைகளையும்தான். ஐக்கிய நாடுகள் அவை உருவாக்கிய உலகளாவிய வகைப்பாட்டு முறையில் ஒன்பது படக்குறிகள் உள்ளன. சுடர், மண்டை ஓடு, கையை அரிக்கும் திரவம் போன்ற அந்தக் குறிகளை முதல் வகுப்பிலேயே கற்றுத் தந்துவிட்டால், மொழி தெரியாததால் நேரும் தவறுகளைப் பெருமளவு தவிர்க்கலாம். விதிமுறைகளை மாணவர்களின் தாய்மொழியில் ஒருமுறை விளக்குவதற்கு எந்தச் செலவும் இல்லை.

கழிவு எங்கே செல்கிறது

ஆய்வகத்தின் பொறுப்பு அதன் கதவோடு முடிந்துவிடுவதில்லை. டெல்லிப் பல்கலைக்கழகத்தின் வேதியியல் துறையில் நீண்டகாலம் பயன்படுத்தப்படாமல் இருந்த காமா கதிர்வீச்சுக் கருவி 2010-இல் ஏலம் விடப்பட்டு, மாயாபுரி பழைய இரும்புச் சந்தையைச் சென்றடைந்தது. உள்ளே கோபால்ட்-60 இருப்பதை அறியாமல் அதைப் பிரித்த தொழிலாளர்கள் கதிர்வீச்சுக்கு உள்ளாகினர், ஒருவர் உயிரிழந்தார்.

பள்ளி ஆய்வகத்தில் அத்தகைய கருவி இருக்காது. ஆனால் கடந்த காலப் புட்டிகள் இருக்கும்: பெயர்ச்சீட்டு அழிந்தவை, பாதரச வெப்பமானியின் உடைந்த பகுதிகள், ஈய, குரோமிய உப்புகளின் கரைசல்கள். அவற்றைப் பழைய பொருள் வாங்குவோரிடம் கொடுத்தால், மும்பையின் கழிவுகள் பெருமளவில் பிரிக்கப்படும் தாராவி 13-வது காம்பவுண்ட் போன்ற இடங்களில், கையுறை இல்லாத கைகளே அவற்றைத் திறக்கும். அபாயகரக் கழிவு மேலாண்மைக்கு 2016-ஆம் ஆண்டின் விதிகள் உள்ளன. மும்பைக்கு அருகே தலோஜாவில் அத்தகைய கழிவுகளைக் கையாளும் மையமும் இயங்குகிறது. ஒரு பள்ளி தனியாக அங்கே அனுப்ப இயலாவிட்டாலும், அருகிலுள்ள பள்ளிகள் ஒன்றுசேர்ந்து மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வழிகாட்டலைக் கோரலாம்.

பெற்றோர் கேட்கக்கூடியவை

வேதியியல் அறியாத பெற்றோரும் பள்ளியிடம் கேட்கக்கூடிய கேள்விகள் ஐந்து உண்டு. அமிலத்துக்குப் பொறுப்பாளராக நியமிக்கப்பட்டவர் யார்? பயன்பாட்டுப் பதிவேட்டின் கடைசிப் பதிவு எந்தத் தேதியைச் சேர்ந்தது? செய்முறை வகுப்பு நடக்கும் நேரத்தில் குழாயில் தொடர்ந்து தண்ணீர் வருகிறதா? ஒவ்வொரு மாணவருக்கும் பாதுகாப்புக் கண்ணாடி உள்ளதா? ஆய்வகக் கதவு, வகுப்பு நடக்கும்போது உள்ளிருந்து தடையின்றித் திறக்கிறதா?

இக்கேள்விகளால் அஞ்சி ஆய்வகத்தையே பூட்டிவைக்கும் பள்ளியும், செய்முறையை ஆசிரியர் செய்து காட்டுவதோடு நிறுத்திவிடும் பள்ளியும் பாதுகாப்பை அடைந்துவிடவில்லை, ஆபத்தைத் தள்ளிப்போடுகின்றன. பள்ளியில் பிப்பெட்டைச் சரியாகப் பிடிக்கக் கற்காத மாணவர், பின்னாளில் கல்லூரியிலோ தொழிற்சாலையிலோ அதே அமிலத்தை, பெரிய அளவில், பயிற்சியின்றி எதிர்கொள்வார்.

பெற்றோர்–ஆசிரியர் கூட்டங்களில் கட்டணமும் மதிப்பெண்ணும் பேசப்படுவது வழக்கம். அமிலப் பதிவேட்டைப் பற்றிக் கேட்பதற்குத் தயங்கத் தேவையில்லை. 2013 முதல் அது நீதிமன்ற உத்தரவின் பகுதி. பதிவேடு மேசைக்கு வருமானால் ஆய்வகத்துக்குப் பொறுப்பாளர் ஒருவர் இருக்கிறார் என்று பொருள். வராவிட்டால், பணியை எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பதைப் பள்ளியும் அன்றே அறிந்துகொள்ளும்.